சாவான் என்று சொன்னேன்

மச்சான்,

போன வாரம் உன் மகள் சாந்தி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாக மலைக்குக் கூட்டிப்போனாள். இப்போது எல்லாரும் அந்த ரோட்டில்தான் போகிறார்கள். அகலமான ரோடு. பின்னால் உட்கார்ந்திருந்த அவள் மகள் ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்தாள். கார் முழுக்க அந்த வாசனை பரவியது. கண்ணாடியை இறக்கச் சொன்னேன்.

"என்னா மாமா, தலை சுத்துதா?" என்று சாந்தி கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? தாப்பாவிலிருந்து மலையேறும் நம் பழைய பஸ்ஸில், வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும்போது சனங்கள் ஆரஞ்சுத் தோலைத்தான் கசக்கி மூக்கில் வைத்துக்கொள்வார்கள். அந்த வாசனை வந்தாலே டிரைவர் சீட்டில் உன் முதுகு தெரிகிறது. கூடவே நான் செய்ததும் வந்துவிடுகிறது.

நாம் இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நான் என்ன செய்வதென்று தெரியாமல் தாப்பா கடைத்தெருவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். நீ அதற்குள் லாரி ஓட்டிப் பழகி, மலை பஸ்ஸுக்கு டிரைவர் ஆகியிருந்தாய். என் தங்கை லெட்சுமியைக் கட்டியிருந்தாய். "எங்கூட வந்துடு மச்சான், கண்டக்டர் வேலை இருக்கு" என்று என்னைக் கூட்டிப்போய் மானேஜர் முன்னால் நிறுத்தியதும் நீதான். என் பிழைப்பு நீ கொடுத்தது. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

நீ ஓட்டினால் சனங்கள் தூங்குவார்கள். மற்ற டிரைவர்கள் ஓட்டும்போது முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருப்பவர்கள், உன் பஸ்ஸில் தலையைச் சாய்த்துக் குறட்டை விடுவார்கள். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவாய். பஸ்ஸிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே திருப்புவாய். அதைப் பார்த்து நான் கேலி செய்வேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஒருநாள் மலைமேல் தானா ராத்தாவில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு நான் சீட்டுகளுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தேன். நீ ஸ்டீயரிங்கில் தலை வைத்துக் கிடந்தாய். தூங்குகிறாய் என்றுதான் நினைத்தேன். கிட்டே வந்து பார்த்தால் முகம் சாம்பல் பூத்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். அதற்குள் கண்ணைத் திறந்துவிட்டாய். திறந்ததும் முகத்தில் ரத்தம் குப்பென்று ஏறியது. நெற்றி அனலாய்ச் சுட்டது.

"என்னா மச்சான், பேயப் பாத்த மாதிரி பாக்குற?" என்றாய். ஒன்றுமே நடக்காதது போல, தெளிவாக.

"மயங்கிட்டலா நீ."

"பித்தம். காலையில பசியாறாம வந்துட்டேன்."

கோப்பி வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் இன்னொன்றும் சொன்னாய். வீட்டில் குழாயடியில் ஒரு முறை இப்படி விழுந்திருக்கிறாய். "நெஞ்சுக்குள்ள ஒரு வெட்டு மச்சான். கரண்ட் போன மாதிரி. அப்புறம் ஒண்ணும் தெரியாது. முழிச்சா மூஞ்சி சுடும்." நோயை நீயே அவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட்டாய். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் அது புரியவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்றேன். "போனா மொதல்ல லைசென்ஸ்லதான் கைய வைப்பான். லெட்சுமிகிட்ட சொல்லிடாத" என்றாய். நானும் சொல்லவில்லை. சில மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பித்தம்தான் என்று நானும் நம்பத் தொடங்கினேன்.

பிறகு அந்த வளைவு.

பள்ளி விடுமுறைக் காலம். மலையிலிருந்து இறங்கும் பஸ், நிற்கக்கூட இடமில்லை. ரிங்லெட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மூங்கில் காடு மூடிய பள்ளம். நான் உன் பக்கத்தில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். உன் தலை பின்னால் சாய்ந்தது. ஸ்டீயரிங்கில் இருந்த கை நழுவி இரண்டொரு முறை வெட்டி இழுத்தது. பஸ் பள்ளத்துப் பக்கம் போனது. எப்படிப் பாய்ந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பாறைப் பக்கம் திருப்பினேன். தகரம் பாறையில் உரசிக் கிழிகிற சத்தம். சின்ன கியரில் இருந்ததால் பஸ் தடுமாறி, குலுங்கி, நின்றது. சனங்கள் கத்தினார்கள். அந்தக் கத்தலிலேயே நீ கண் விழித்து, விழித்த கையோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்தாய்.

எதிரே ஏதோ லாரி வந்து, அதற்காக நீ ஒதுக்கினாய் என்று சனங்கள் நினைத்துக்கொண்டார்கள். முன்சீட்டு அம்மா ஒருவர் எழுந்து வந்து உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி மாதிரி காப்பாத்துன தம்பி, நீ நல்லா இருக்கணும்." நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் மிச்ச தூரத்தையும் நீயே ஓட்டினாய். அடிவாரம் வரை நான் ஸ்டீயரிங்மேல் ஒரு கையை வைத்தபடியே நின்று வந்தேன்.

தாப்பாவில் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இந்த ஒரு தடவ விட்டுடு மச்சான். நானே டாக்டரப் பாக்குறேன். என் வயித்துல அடிச்சிடாத." நான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலையில் நீ வருவதற்கு முன்பே மானேஜர் அறைக்குப் போனேன்.

அவர் சீனர், நம்மிடம் மலாய்தான் பேசுவார். கெட்டவர் இல்லை. பஸ்ஸில் விழுந்த கீறலுக்குக் காரணம் கேட்டார். மலாயில் மயக்கத்துக்கு பெங்சான் என்பார்கள். நீ பெங்சான் ஆகிவிட்டாய் என்றேன். அவர் சிரித்தார். "பெங்சான் யாருக்குத்தான் வராது? இன்னிக்கி லீவு எடுத்துக்கட்டும், நாளைக்கி வண்டிய எடுக்கச் சொல்லு" என்றார்.

நாளைக்கு வண்டியை எடுப்பாய். நாளைக்கும் அந்த வளைவு அங்கேயே இருக்கும். என் கண்ணுக்குள் உன் கை வெட்டி இழுத்ததுதான் நின்றது. மயக்கம் என்று சொன்னால் இவர் கேட்க மாட்டார், இன்னும் பெரிதாக ஒன்று சொன்னால்தான் கேட்பார் என்று தோன்றியது. வலிப்புக்கு மலாயில் சாவான் என்று பெயர்.

"பெங்சான் இல்ல. சாவான்" என்றேன்.

அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் உன்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கியதற்காக இன்றுவரை வருந்தவில்லை. மறுபடி அந்தக் காலை வந்தாலும் மானேஜரிடம் போவேன். ஆனால் எனக்குத் தெரியாத ஒரு நோயின் பெயரை, தெரிந்தவன் போல அவர் காதில் போட்டேனே, அதுதான்.

சொல் எனக்கு முன்னால் ஓடியது. கம்பெனி உன்னை டவுனில் ஒரு டாக்டரிடம் அனுப்பியது. நீ போவதற்கு முன்பே மானேஜர் போன் போட்டு, சாவான் கேஸ் வருகிறது என்று சொல்லிவிட்டாராம். நெஞ்சில் ஏற்படும் வெட்டைப் பற்றி நீ ஆரம்பித்தாயாம். "இந்த நோயில எல்லாம் இருக்கும்" என்று டாக்டர் முடித்துவிட்டாராம். வலிப்பு மாத்திரை கொடுத்தார். இனி வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதினார். லைசென்ஸ் போனது. வேலை போனது. தாப்பா கடைத்தெருவில் உனக்குப் புதுப் பெயர் வந்தது.

உன் வீட்டுக்கு வந்தேன். லெட்சுமி வாசலை மறித்து நின்றாள். "பசியாறிட்டியாண்ணே?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டாள். பிறகுதான் நினைவு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என் வீட்டு அடுப்புல தண்ணி ஊத்திட்டு, என்னா பாக்க வந்த? போயிட்டு வா" என்றாள். உள்ளே நீ இருமுகிற சத்தம் கேட்டது. நீ வெளியே வரவில்லை.

பத்து காஜாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் லெட்சுமி மறுபடி பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போனாள். நீங்கள் அங்கே குடிபோனதைக்கூட வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மாத்திரை உன்னைப் பகலெல்லாம் தூங்கவைத்தது. ஆனால் விழுவது நிற்கவில்லை. விழுந்தபோதெல்லாம் யாராவது ஓடிவந்து உன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்களாம். நீ கண்ணைத் திறந்ததும் சாவிதான் எழுப்பியது என்று சொல்லிக்கொண்டார்களாம். இரண்டு வருசத்துக்குமேல் இப்படியே போனது. நான் மலையேறி இறங்கிக்கொண்டிருந்தேன். உன் சீட்டில் வேறொருவர்.

பிறகு ஒருநாள் நீ சாக்கடைக் கல்லில் விழுந்து நெற்றி பிளந்தது. பத்து காஜா ஆஸ்பத்திரியிலிருந்து லெட்சுமி ஆள் அனுப்பினாள். "அண்ணன ஒரு தடவ வந்துட்டுப் போவச் சொல்லுங்க." அவ்வளவுதான். ஓடி வந்தேன்.

அங்கே இருந்தது ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் டாக்டர். உனக்குத் தையல் போடும்போதே உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். விடவே இல்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவருக்கு வலிப்பு எண்டு ஆர் சொன்னது?"

லெட்சுமி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். அதுவே போதுமாக இருந்தது.

"நான்தாங்க" என்றேன்.

"நீங்கள் டொக்டரோ?"

"கண்டக்டருங்க."

அவர் சிரிக்கவில்லை. "சரி. நீங்கள் கண்ணால கண்டதை மட்டும் சொல்லுங்கோ. பேர் வைக்கிறது என்ர வேலை."

சொன்னேன். ஸ்டீயரிங்கில் கிடந்தது, வளைவு, கை இழுத்தது, எல்லாம். அவர் இடையிடையே கேட்டார். விழும்போது முகம் வெளுத்ததா? நாக்கைக் கடித்துக்கொண்டாயா? எழுந்த பிறகு எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் குழம்பினாயா, தூங்கிப்போனாயா?

"வெளுத்துச்சுங்க. மத்தது எதுவும் இல்லிங்க. ஒடனே தெளிவாப் பேசுவாரு. மூஞ்சி சிவந்து சுடும்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். உன் நெஞ்சில் வயர்களை ஒட்டி, ஒரு மெஷினிலிருந்து நீளமாகக் காகிதம் எடுத்தார். அந்தக் கோட்டைக் காட்டித்தான் விளக்கினார். இதயம் துடிப்பதற்கு உள்ளேயே ஒரு மின்சாரம் ஓடுகிறதாம். அது மேலறையில் பிறந்து கீழறைக்கு இறங்க வேண்டும். உனக்கு அந்த வழி பழுதாகி, சில நேரம் செய்தி கீழே போகாமல் நின்றுவிடுகிறது. கீழறை துடிக்க மறக்கிறது. மூளைக்கு ரத்தம் போகாததால் விழுகிறாய். மூளை தவிக்கும்போது கை காலும் இழுக்கும், பார்ப்பவர்களுக்கு வலிப்பு மாதிரியே இருக்கும். துடிப்பு திரும்பியதும் ரத்தம் பாய்ந்து முகம் சிவந்துவிடும்.

"வெயில்ல நிண்டு மயங்கிறதும் இதுவும் ஒண்டில்லை. அது படுத்துக் காலை உயர்த்தினாச் சரியாப் போகும். இது ஒருநாள் நிண்டா நிண்டதுதான். வலிப்புக் குளுசை இதுக்கு ஒண்டும் செய்யாது" என்றார்.

நீ கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டாய். "கரண்ட் போன மாதிரின்னு நான் அப்பவே சொன்னேன்லா" என்றாய். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்துச் சொன்னாய்.

கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். காறை எலும்புக்குக் கீழே தோலைக் கீறி, பேஸ்மேக்கர் என்ற பெட்டியை வைத்தார்கள். அதிலிருந்து ஒரு வயர் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போனது. இதயம் மறக்கும்போது அது தட்டி எழுப்பும். அதன்பிறகு நீ விழவே இல்லை. வலிப்பு மாத்திரையை நிறுத்தினார்கள். நீ பழையபடி விழித்த மனிதனானாய். ஆனால் பஸ்ஸைத் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலைதான் கிடைத்தது. கேட் திறந்து, கேட் பூட்டி, மணி அடிக்கிற வேலை.

அடுத்த வருசம் ஒருநாள் தாப்பா ஸ்டாண்டில் நீ என் பஸ்ஸில் ஏறினாய். டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து சில்லறையை நீட்டினாய். "வேணாம் மச்சான்" என்றேன். "டிக்கெட்டக் குடு" என்றாய். கிழித்துக் கொடுத்தேன். வழியெல்லாம் நான் உன் காலைத்தான் பார்த்து வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் உன் வலது கால் பலகையை மிதித்தது. உன் கை மடியில் சும்மா கிடக்க முடியாமல் லேசாகத் திரும்பியது. புதிய டிரைவர் ஒரு வளைவைக் கொஞ்சம் வேகமாக எடுத்தபோது நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

மேலே தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். நீதான் முதலில் பேசினாய்.

"நீ போயிச் சொன்னது சரிதான்லா. பஸ் நெறைய உசிரு. நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன்."

நீ தேத்தண்ணியை ஆற்றி ஒரு வாய் குடித்தாய்.

"ஆனா அந்தப் பேர ஏன் மச்சான் வெச்ச?"

"மயக்கம்னா அவரு கேக்கல. வேற பேரு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னே சொல்லியிருக்கலாம்லா."

கோபத்தோடு சொல்லவில்லை நீ. கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். தேத்தண்ணியை முடித்துவிட்டு, "வா, பஸ் கெளம்பப் போவுது" என்று நீயே என்னை எழுப்பினாய்.

எண்பதுகளில் சாந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். ஈப்போவிலிருந்து வந்த நல்ல குடும்பம், பையனுக்கு நல்ல வேலை. தாய்மாமன் என்று நானும் உட்கார்ந்திருந்தேன். பலகாரம் சாப்பிட்டு, சாந்தி வந்து வணங்கிவிட்டுப் போன பிறகு, பையனின் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. தாப்பாவுல விசாரிச்சோம். அப்பாவுக்கு வலிப்புன்னு சொன்னாங்க. பரம்பரையா வருமோன்னு வீட்டுப் பொம்பளைங்க பயப்படுறாங்க."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. நீ சட்டைப் பொத்தானைக் கழற்றி, தோலுக்கடியில் மேடாக இருந்த அந்தப் பெட்டியைக் காட்டினாய். "இது நெஞ்சுக்கு வெச்சது. எனக்கு வலிப்பு இல்ல. என் மச்சானக் கேளுங்க. பக்கத்துல நின்னு பாத்தவரு அவருதான்."

நான் சொன்னேன். ஒன்றும் விடாமல், அந்த டாக்டரம்மா சொன்னதையும் சேர்த்து, எனக்குத் தெரிந்த அளவு விளக்கமாகச் சொன்னேன். அந்தப் பெயரை வைத்தவனே நான்தான் என்பதையும் சொன்னேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள், தலையாட்டினார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். அவர்களிடமிருந்து பிறகு ஒரு செய்தியும் வரவில்லை.

அவர்கள் காரை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது நீ என் தோளில் கை போட்டாய்.

"நல்லா சொன்ன மச்சான். கொஞ்சம் லேட்டு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். சாந்திக்கு வேறு இடம் நன்றாகவே அமைந்தது, அது உனக்கே தெரியும். ஆனால் அன்று கதவுக்குப் பின்னால் அவள் கேட்டதை யார் திருப்பி எடுப்பது?

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நீ போய்விட்டாய். நெஞ்சால் இல்லை, நுரையீரல் காய்ச்சலால். கடைசி வரை அந்தப் பெட்டி அதன் வேலையைச் செய்தது. பிணத்தோடு எரித்தால் வெடிக்கும், அதை எடுத்துவிட்டுத்தான் தர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஞாபகப்படுத்தியது நான்தான். லெட்சுமி என் கையைப் பிடித்தபடி நின்றாள். அப்போதும் அவள் என்னைத் திட்டவில்லை. "அன்னைக்கி நீ பஸ்ஸ நிறுத்தலன்னா இவர நான் அப்பவே பறிகொடுத்திருப்பேண்ணே" என்றாள். அவள் அப்படிச் சொல்வது என்னைக் காப்பாற்றத்தான். எனக்கு அது தெரியும்.

இப்போது எங்காவது யாராவது மயங்கி விழுந்தால், கல்யாண வீடோ கோவில் வரிசையோ, சனங்கள் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். நான் முட்டி வலியோடு கீழே உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிறேன், நாடியைப் பிடிக்கிறேன், படுக்கவைத்துக் காலைத் தூக்கச் சொல்கிறேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தால் கண்டதை மட்டும் சொல்கிறேன். "என்னா நோய்ங்க?" என்று கேட்டால், "தெரியாது" என்கிறேன். அந்த வார்த்தையைக் கற்றுக்கொள்ள எனக்கு உன் வாழ்க்கை தேவைப்பட்டது மச்சான்.

போன மாதம் தாப்பாவுக்குப் போயிருந்தேன். சந்தைக்குப் பக்கத்துக் கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, என் வயதுக்காரர் ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். நம் பஸ்ஸில் அந்தக் காலத்தில் மரக்கறிக் கூடை ஏற்றியவராம்.

"நீங்க அந்த சாவான் டிரைவரோட மச்சான்தானே?" என்றார். பாசமாகத்தான் கேட்டார்.

எனக்கு ஈப்போ பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அவருக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங்க. அவருக்கு வந்தது சாவான் இல்ல" என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.